மறைந்த அப்பா, அம்மாவின் பாட்டுகளைத் தொகுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு ராத்திரி தூக்கம் வராமல், அவர் தினமும் பாடும் பாட்டை யூடியூபில் தேடிப் போட்டேன். அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் ஒரு சொல்லை அவர் மாற்றித்தான் பாடுவார். அது என்ன சொல் என்று முந்தின நாள் யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அசலை ஐந்தாறு தடவை தொடர்ந்து கேட்டபின் நானே பாடிப் பார்த்தேன். அசல் சொல்தான் வாயில் வந்தது. அப்பாவின் சொல் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து அக்காவிடமிருந்துதான் அது திரும்பக் கிடைத்தது.

அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் சிலருக்கு இந்த வேலையில் கூட இருந்து உதவியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் நான் தொடங்கிய இடத்திலேயே தொடங்குகிறார்கள்: முதலில் பாட்டைத் தேடிப் போடுவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். அப்பா என்று எழுதுகிற இடங்களில் அம்மா என்று வைத்துக்கொண்டாலும் எல்லாம் பொருந்தும்.

தொடங்கும் முன்

இழப்பு நடந்து சில வாரங்கள்தான் ஆகிறது என்றால் இரண்டே காரியம் போதும். வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று யாரும் கேசட், இசைத்தட்டு, பழைய போன் எதையும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகளை உங்கள் போனிலிருந்து வேறு ஒரு இடத்துக்கும் நகல் எடுத்து வையுங்கள். போன் மாற்றும்போது பலர் இவற்றைத்தான் இழக்கிறார்கள். மற்றதெல்லாம் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

வேலையைத் தொடங்கும்போது தேவைப்படுபவை: ஒரு நோட்டு, ஒலிப்பதிவு செய்யும் போன், ஓடுகிற கேசட் பிளேயர், அதைக் கணினியோடு இணைக்க ஒரு கேபிள், கணினியில் ஒலி உள்ளீடு இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் சின்ன ஒலிப்பதிவுக் கருவி, ஒலியைப் பதிவு செய்து திருத்த இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள், பஞ்சுக்குச்சி, 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். 60 நிமிடக் கேசட்டை நகல் எடுக்க 60 நிமிடம் ஆகும். அவசரப்படுத்த வழி கிடையாது. இருபது கேசட் இருந்தால் இரண்டு மூன்று மாத வார இறுதிகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1. பாட்டைப் போடாமல், நினைவை எழுதுங்கள்

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருளைப் போல அப்படியே வெளியே வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டித்தான் எடுக்கிறோம் என்று உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932லேயே எழுதினார். கட்டும்போது பக்கத்தில் என்ன கிடக்கிறதோ அதுவும் சேர்ந்துவிடும். அசல் பாட்டு சத்தமாக, தெளிவாக, முழுதாகப் பக்கத்தில் இருந்தால் அப்பாவின் அரைகுறைப் பாட்டு அதன் முன்னால் நிற்காது.

அதனால் எதையும் கேட்காமல் நோட்டை எடுங்கள். பாட்டின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்த வேலை செய்யும்போது பாடுவார், எந்த வரியில் நிறுத்துவார், எதை முனகலாகத் தாண்டுவார், கை என்ன செய்துகொண்டிருக்கும், நீங்கள் எங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்படிச் சின்னச் சின்னதாக எழுதுங்கள்.

“அவருக்குப் பழைய பாட்டுகள் என்றால் உயிர்” என்பது மாதிரி எழுதினால் பத்து வருஷம் கழித்துப் படிக்கும்போது அதில் அவர் இருக்க மாட்டார். என் நோட்டில் உள்ள ஒரு பதிவைத் தருகிறேன்: “சவரம் செய்யும்போது பாடுவார். மேலுதட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வார், பாட்டு நின்றுவிடும். ரேசரைக் குவளைத் தண்ணீரில் அலசும்போது மறுபடி தொடங்குவார். விட்ட வரியிலிருந்து இல்லை. நிறுத்தாமல் இருந்திருந்தால் பாட்டு எங்கே போயிருக்குமோ, அந்த வரியிலிருந்து.” அவருக்குள்ளே பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்பது இதை எழுதும்போதுதான் எனக்குப் புரிந்தது.

எழுதி முடித்ததும், உங்கள் நினைவில் உள்ளபடி அந்தப் பாட்டை நீங்களே முனகி போனில் பதிவு செய்யுங்கள். எனக்குப் பாட வராது என்று இந்தப் படியைத் தாண்டாதீர்கள். நன்கு தெரிந்த பாட்டைச் சாதாரண மனிதர்கள் பாடும்போது அசலின் சுருதிக்குப் பக்கத்திலேயே வருவது அபூர்வமில்லை என்று டேனியல் லெவிட்டின் 1994இல் செய்த ஆய்வு காட்டியது. உங்கள் முனகலில் அப்பாவின் இழுவையும் அவர் விட்ட மூச்சும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிற்பாடு பாட்டைக் கண்டுபிடிக்கவும் இந்தப் பதிவு உதவும்.

2. கூடப் பிறந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்

குடும்பக் குழுவில் “அப்பாவுக்குப் பிடித்த பாட்டு என்ன?” என்று ஒரு செய்தி போட்டால், முதலில் பதில் சொல்பவரின் பாட்டுக்கே எல்லோரும் ஆமாம் போடுவார்கள். ஒருவர் சொல்வதைக் கேட்டதும் மற்றவர்களின் நினைவு அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேசுங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

“பிடித்த பாட்டு” என்ற கேள்வியே அவ்வளவு பலன் தராது. எந்தப் பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுவார்? எது வந்தால் எழுந்து போய் மாற்றுவார்? எந்தப் பாட்டு ஓடும்போது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது? உன்னைத் தூங்க வைக்க எது? உன்னைச் சீண்ட எது? இப்படிக் கேட்டால் சம்பவங்கள் வரும். எது வந்தால் மாற்றுவார் என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலும் நீளமான பதில் கிடைக்கிறது.

அக்காவுக்கு அந்தச் சொல் எப்படி மறக்காமல் இருந்தது என்றால், அதற்காக அவள் அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறாள். பள்ளியில் படிக்கும்போது பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்து, “பாருங்கப்பா, நீங்க தப்பா பாடுறீங்க” என்று காட்டியிருக்கிறாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரியைப் படித்துவிட்டு, “அட, ஆமாம்” என்றாராம். மறுநாள் காலையும் அதே தப்புச் சொல்லோடுதான் பாடினாராம். நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். எனக்கு இது தெரியவே தெரியாது.

இரண்டு பேர் சொல்வது முரண்பட்டால் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். யார் சொன்னது என்ற குறிப்போடு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு ஒரு அப்பாவும் கடைக்குட்டிக்கு வேறொரு அப்பாவும் இருந்திருப்பார்கள். நடுவில் பல வருஷம் போயிருக்கிறது அல்லவா.

உயிரோடு இருக்கும் அம்மாவிடமோ அப்பாவிடமோ பேசும்போது, “இன்றைக்கு இதைப் பேசலாமா?” என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். போன வாரம் சரி என்றவர் இந்த வாரம் வேண்டாம் என்பார். அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

3. வருடக் கணக்குப் போடுங்கள்

நினைவு தடைபட்டு நிற்கும்போது இந்தப் படி கைகொடுக்கும். பெரும்பாலோருக்குப் பதின்ம வயதிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை கேட்ட பாட்டுகள்தான் ஆழமாகப் பதிந்திருக்கும். அப்பா 1950இல் பிறந்தவர் என்றால் 1965க்கும் 1975க்கும் இடையில் வந்த பாட்டுகளை முதலில் பாருங்கள்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்ஸ்ல் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சுமார் இருபது வயது இளைஞர்களிடம் கேட்டபோது, தங்கள் பெற்றோர் இளமையில் கேட்ட காலத்துப் பாட்டுகளோடும் அவர்களுக்குத் தனி நெருக்கம் இருந்தது. நாம் பிறப்பதற்கு முன்பு வந்த பாட்டு நம்மை ஏன் உலுக்குகிறது என்பதற்கு இது ஒரு காரணம். வீட்டில் அவர்கள் போட்டார்கள், நாம் கேட்டு வளர்ந்தோம்.

அந்தப் பத்து வருடங்களில் வந்த பாட்டுகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் படியுங்கள். இன்னும் எதையும் ஓடவிடாதீர்கள். மனதில் மெட்டு எழும் பெயர்களைக் குறித்துவைத்தால் போதும்.

4. கேசட்டுகளைத் தொடும் முன் படம் எடுங்கள்

அலமாரியில் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அப்படியே முதலில் ஒரு படம். பிறகு ஒவ்வொரு கேசட்டையும் முன்னும் பின்னும், உள்ளே இருக்கும் அட்டையோடு. அவர் கையெழுத்தில் பாட்டுப் பெயர் எழுதியிருந்தால் அந்த அட்டையே ஒரு ஆவணம். அடித்துத் திருத்திய இடங்களையும் கிட்டத்தில் எடுங்கள்.

இங்கே எல்லோரும் தவறவிடும் ஒன்று உண்டு. கேசட்டைக் கையில் எடுத்ததும் பழக்கத்தில் முதலுக்குச் சுற்றிவிடுகிறோம். சுற்றாதீர்கள். நாடா எந்த இடத்தில் நிற்கிறதோ, பெரும்பாலும் அதுதான் அவர் கடைசியாகக் கேட்டு நிறுத்திய இடம். கேசட்டின் நடுச் சாளரத்தில் இரண்டு பக்கமும் எவ்வளவு நாடா இருக்கிறது என்பது தெரியும்படி படம் எடுத்து, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்றும் எழுதிவையுங்கள். ஒரு தடவை சுற்றிவிட்டால் அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது.

அடுத்து, கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். அவை இல்லையென்றால் ரெக்கார்டு பொத்தான் அமுங்காது. கை தவறி மேலே பதிவாகிவிடும் ஆபத்து போய்விடும். சில கேசட்டுகளில் அவை ஏற்கெனவே உடைந்திருக்கும். வீட்டில் பதிவு செய்த கேசட்டில் அப்படி இருந்தால், இது அழியக் கூடாது என்று அவரே நினைத்திருக்கிறார் என்று அர்த்தம். அவற்றை முதலில் நகல் எடுங்கள்.

சில எச்சரிக்கைகள். 120 நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, எளிதில் நீளும், சிக்கும். அதை வேகமாக முன்னும் பின்னும் ஓட்ட வேண்டாம். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். பிளேயருக்குள் பூஞ்சை பரவி அடுத்த கேசட்டுக்கும் போகும். பழக்கமுள்ளவர்களிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள். 78 சுற்று இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கால் ஆனவை. ஆல்கஹால் பட்டால் கரையும். வீட்டில் எழுதிய சிடிகள் இருந்தால் அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். அதில் உள்ள சாயம் காலப்போக்கில் கெட்டுவிடும், நேற்று ஓடியது இன்று ஓடாமல் போகலாம்.

5. பிளேயரைத் தயார் செய்யுங்கள்

பரணில் பல வருடம் கிடந்த பிளேயரில் நேராக அப்பாவின் கேசட்டைப் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே மனம் நோகவைக்கும் தவறு. ரப்பர் உருளை இறுகியிருந்தாலும் பிசுபிசுத்திருந்தாலும் நாடா அதில் சுற்றிக்கொண்டு கசங்கிவிடும். போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு கேசட்டை முதலில் போட்டு இரண்டு பக்கமும் முழுசாக ஓட்டிப் பாருங்கள்.

பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தொட்டு, நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பகுதியான ஹெட்டையும் பக்கத்தில் சுழலும் உலோகத் தண்டையும் துடையுங்கள். பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பரை உலர்த்தும். லேசாக ஈரமான துணி போதும். முழுக்கக் காய்ந்த பிறகு ஓட்டுங்கள்.

கேசட்டின் கீழ் விளிம்பில், நாடாவுக்குப் பின்னால், ஒரு சின்ன ஃபெல்ட் துணித் திண்டு இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். விழுந்திருந்தால் சத்தம் வந்து வந்து போகும். வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து மாற்றலாம். நாடா அறுந்திருந்தால் அதற்கென்று இருக்கும் ஒட்டு நாடாவால் மட்டும் ஒட்டுங்கள். சாதாரண செல்லோடேப்பின் பசை கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளையும் ஒட்டிவிடும்.

அப்பா பதிவு செய்த டேப் ரெக்கார்டரே இன்னும் வீட்டில் இருந்தால், அதைப் பழுது பார்த்து ஓட வைக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். ஒரு மெஷினின் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ அந்தக் கோணத்தில்தான் நாடாவில் ஒலி பதிவாகியிருக்கும். வேறு மெஷினில் போட்டால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மந்தமாகக் கேட்கும். வேறு மெஷின்தான் இருக்கிறது என்றால், ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை மெதுவாகத் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். அனுபவமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

6. ஒரு பக்கம், ஒரே பதிவு

கணினியில் பதிவைத் தொடங்கிவிட்டு அப்புறம் பிளேயரில் பிளே அழுத்துங்கள். மாற்றிச் செய்தால் முதல் நொடிகள் போய்விடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பு என்ற அமைப்பில் பதிவு செய்யுங்கள். இந்த அளவில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி ஆகும். 60 நிமிடக் கேசட் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 ஜிபி. எம்பி3 ஆக நேரடியாகப் பதிவு செய்யாதீர்கள். அது அளவைக் குறைக்க ஒலியின் சில பகுதிகளை நிரந்தரமாகத் தூக்கிப் போட்டுவிடும். போனில் அனுப்ப வேண்டுமானால் பிறகு தனியாக ஒரு எம்பி3 நகல் எடுத்துக்கொள்ளலாம்.

ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். குறைவாகப் பதிவானதை உயர்த்தலாம், எல்லை மீறிக் கிழிந்ததைச் சரிசெய்ய முடியாது. பிளேயரில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் இருந்து, அதைப் பற்றி அட்டையில் குறிப்பு இல்லையென்றால் அணைத்தே வையுங்கள்.

பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்ய வேண்டாம். ஒரு பக்கம் முழுவதும் ஒரே கோப்பு. காரணம் அடுத்த படியில்.

ஒரு விஷயம். வீட்டில் பதிவு செய்த கேசட் என்றால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவர் குரல் வரும். நடு ராத்திரியில் தனியாக உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். வீட்டில் ஒருவர் இருக்கட்டும், அல்லது அழைத்தால் எடுக்கக்கூடியவர் ஒருவர் இருக்கட்டும்.

7. எதையும் வெட்டாதீர்கள்

பதிவு முடிந்ததும் புதியவர்கள் செய்வது, பாட்டுகளைத் தனித்தனியாக வெட்டி எடுத்து “மீதி” யை நீக்குவது. அந்தப் பாட்டுகள் உலகத்தில் வேறு எங்காவது நல்ல தரத்தில் கிடைக்கும். மீதி வேறெங்கும் கிடைக்காது.

என் அப்பா வானொலியிலிருந்து பதிவு செய்த ஒரு கேசட்டில், இரண்டு பாட்டுக்கு நடுவே மூன்று நொடி இடைவெளி இருக்கிறது. ரெக்கார்டு பொத்தான் டொக் என்று விழும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். தொலைவில் ஒரு கதவு. பிறகு அடித்தொண்டையில், “இரு, இரு.” யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசுவது போலக் கேட்கிறது, நானாக இருக்கலாம். உடனே அடுத்த பாட்டின் முன்னிசை தொடங்கிவிடுகிறது. அந்தக் கேசட்டில் நான் அதிகம் கேட்பது இந்த மூன்று நொடியைத்தான். முதல் நகலை எடுத்துக் கொடுத்தவர், கேட்க இடைஞ்சலாக இருக்கும் என்று நல்லெண்ணத்தோடு அதை வெட்டியிருந்தார். கேசட்டை நான் தூக்கிப் போடாமல் இருந்ததால் மறுபடி எடுக்க முடிந்தது.

இரைச்சல் நீக்கும் கருவியும் இப்படித்தான். ஆடாசிட்டியில் நாடாவின் உஸ் சத்தத்தை மாதிரியாகக் கொடுத்தால் அது பெருமளவு நீக்கித் தரும். கூடவே மூச்சு, உதடு பிரியும் ஒலி, அறையின் ஆழம் எல்லாமும் மெலிந்து, குரல் தகரக் குழாய்க்குள் இருந்து வருவது போல ஆகும். செய்து பார்க்க ஆசை இருந்தால் நகலில் மட்டும் செய்யுங்கள். மூலக் கோப்பை எழுத முடியாதபடி பூட்டிவையுங்கள்.

8. பாட்டை அளவுகோலாக வைத்துக் குரலைச் சரிசெய்யுங்கள்

“இது அப்பா குரல் மாதிரியே இல்லையே, மெல்லிசா இருக்கே” என்று பலர் கலங்கிப்போவார்கள். பெரும்பாலும் குற்றம் வேகத்தில் இருக்கும். கேசட் நாடா ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதிவு செய்த மெஷின் மெதுவாக ஓடி, இப்போது ஓட்டும் மெஷின் சரியாக ஓடினால் குரல் கீச்சென்று ஏறும்.

அவர் குரலின் சரியான உயரம் எது என்று நம் காதை மட்டும் நம்பிச் சொல்வது கடினம். அதே கேசட்டின் அதே பக்கத்தில், அதே மெஷினில் அவர் பதிவு செய்த பாட்டு ஒன்று இருந்தால் அது சொல்லிவிடும். இதற்காக அந்த ஒரு பாட்டின் வெளியான பதிப்பை மட்டும் இப்போதே எடுத்துக்கொண்டு (சரியான பதிப்பைக் கண்டுபிடிக்கும் வழி அடுத்த படியில்), அதில் முதல் தாளத்திலிருந்து கடைசி ஒலி வரை எவ்வளவு நேரம் என்று அளவெடுங்கள். கேசட்டிலும் அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அளவெடுங்கள். அசல் 260 நொடி, கேசட்டில் 245 நொடி என்றால், 245ஐ 260ஆல் வகுக்க 0.942 வருகிறது. கேசட் பதிவின் வேகத்தை 0.942 மடங்காக, அதாவது சுமார் 5.8 சதவீதம் குறைக்க வேண்டும். பாட்டு சரியாகும்போது, பக்கத்தில் இருக்கும் அப்பாவின் பேச்சும் சரியான உயரத்துக்கு இறங்கிவிடும்.

இரண்டு கவனம். வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். சுருதியை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் நீட்டும் வசதி இதற்கு உதவாது. அப்புறம், வானொலியில் சரணத்தை வெட்டி ஒலிபரப்பியிருக்கலாம். அதனால் முழுப் பாட்டை அளக்காமல், தொடர்ச்சியாக இருக்கும் பல்லவியிலிருந்து முதல் சரணத்தின் முடிவு வரை அளப்பது பாதுகாப்பு.

இதைச் செய்து முடித்த நாளில் ஒரு நண்பர், அவர் அம்மாவின் பதிவை இரண்டாம் முறை கேட்டுவிட்டு, “இப்பத்தான் வீட்டுக்கு வந்தாங்க” என்றார்.

9. இப்போது அசலைத் தேடுங்கள்

கேசட்டில் பாட்டு இருந்து பெயர் தெரியவில்லை என்றால் ஷஸாம் செயலியைப் பயன்படுத்துங்கள். அது குறிப்பிட்ட ஒலிப்பதிவையே அடையாளம் காணும், ஆனால் வேகம் அதிகம் மாறியிருந்தால் தடுமாறும். கேசட் எதுவும் இல்லாமல் நினைவில் மெட்டு மட்டும் இருந்தால், கூகுள் செயலியில் 2020 முதல் முனகித் தேடும் வசதி இருக்கிறது. முதல் படியில் பதிவு செய்தபடி பத்துப் பதினைந்து நொடி முனகுங்கள்.

கிடைத்த முதல் பதிப்பையே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே பாடகரே பல வருடம் கழித்து மறுபடி பாடியிருப்பார். பழைய பதிவில் புதிய கருவிகளைச் சேர்த்து வெளியிட்டிருப்பார்கள். முன்னிசையின் நீளம், இடையிசையில் எந்தக் கருவி முதலில் வருகிறது, பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று உங்கள் கேசட்டோடு ஒப்பிடுங்கள். உடம்பே சொல்லிவிடும். தவறான பதிப்பைக் கேட்கும்போது அடுத்த வரிக்கு நாம் ஒரு கணம் முன்னே ஓடிவிடுவோம்.

இணையத்தில் கேட்கும் சேவைகளில் பட்டியல் போட்டுவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உரிமம் முடிந்தால் பாட்டு சத்தமில்லாமல் காணாமல் போகும், அல்லது வேறு பதிப்பு அந்த இடத்துக்கு வந்துவிடும். விலை கொடுத்து வாங்கக் கிடைக்கும் இடத்தில் கோப்பாகவோ தட்டாகவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

10. பட்டியலைச் சுருக்குங்கள், குறிப்பெழுதுங்கள்

இந்த இடத்தில் நூறு, இருநூறு பாட்டு சேர்ந்திருக்கும். அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலிருந்து பத்துப் பன்னிரண்டை மட்டும் தனியாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவமாவது சொல்ல முடிய வேண்டும். சம்பவம் இல்லாத பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் பெரிய பட்டியலிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் அரைப் பக்கக் குறிப்பு: அவர் எப்போது பாடுவார், எப்படி மாற்றிப் பாடுவார், யார் சொன்ன நினைவு, என்றைக்கு எழுதியது. கோப்பின் பெயரில் வருடத்தை முதலில் வையுங்கள், உறுதியில்லையென்றால் “சுமார்” என்று சேருங்கள். “அப்பா பாட்டு புதுசு 2” என்று பெயர் வைத்த கோப்பை ஐந்து வருடம் கழித்து நீங்களே திறந்து பார்க்காமல் அடையாளம் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. குறிப்புகளைக் காகிதத்திலும் அச்செடுத்துவிடுங்கள். நகல் எடுத்தாகிவிட்டது என்று கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

11. எப்போது கேட்பது

அழைப்பு மணியாக வைக்காதீர்கள். அலாரமாகவும் வேண்டாம். ஒரு பாட்டோடு இணைந்த விஷயங்கள் கூடக்கூட, அது ஒவ்வொன்றையும் நினைவூட்டும் சக்தி குறைகிறது. நினைவு ஆய்வாளர்கள் 1970களிலிருந்தே இதைச் சொல்லிவருகிறார்கள். ஒரு வருடம் அழைப்பு மணியாக இருந்த பாட்டு அப்பாவை நினைவூட்டாது, அலுவலக அழைப்புகளைத்தான் நினைவூட்டும். தோழி ஒருத்தி இப்படித் தன் அம்மாவின் தாலாட்டை இழந்தாள். இரண்டு வருடம் அதைத் தொடாமல் வைத்திருந்த பிறகுதான் கொஞ்சம் திரும்பியது.

கேட்பதற்கென்று நேரம் ஒதுக்கி உட்கார்ந்து கேளுங்கள். ஒன்றிரண்டு பாட்டு போதும். முடிந்ததும் எழுந்து செய்ய ஒரு வேலையை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. துக்கத்தில் இருப்பவர்கள் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினார்கள். போவதற்கு ஒரு கதவு வேண்டியிருப்பது போல வெளியே வரவும் ஒரு கதவு வேண்டும். வண்டி ஓட்டும்போது இந்தப் பட்டியலைப் போடாதீர்கள்.

கேட்க முடியவில்லை என்றால் கேட்க வேண்டாம். தொகுத்து மட்டும் வைத்துவிட்டு மூன்று வருடம் திறக்காதவர்களும் உண்டு. அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் மாதங்கள் போயும் தூக்கம் இல்லை, வேலை ஓடவில்லை, நாள் முழுக்க இதிலேயே கிடக்கிறேன் என்றால், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

12. மற்றவர்களுக்குக் கொடுப்பது

ஆச்சரியப்படுத்துகிறேன் என்று யாரிடமும் திடீரென்று குரலை ஓடவிடாதீர்கள். “அப்பா குரல் இருக்கு, நாலு நிமிஷம், பாட்டுக்கு நடுவுல பேசுறார்” என்று முன்பே சொல்லுங்கள். நிறுத்தும் பொத்தான் கேட்பவர் கையில் இருக்கட்டும். அம்மாவுக்கு நான் இயர்போனில் தான் கொடுத்தேன். நாங்கள் நால்வரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவர் கேட்க வேண்டாம் என்று தோன்றியது.

பழைய கேசட்டில் வேறு சிலரின் குரலும் குடும்பப் பேச்சும் இருக்கும். குழுவில் அனுப்பும் முன் அதில் பேசுகிறவர்களிடம் கேளுங்கள். சிலவற்றை அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம்.

பேரப்பிள்ளைகளுக்கு இவற்றை உட்காரவைத்துப் போட்டுக்காட்டினால் இரண்டாவது நிமிடமே எழுந்து ஓடிவிடுவார்கள். அவர்களுக்குக் கோப்பு வேண்டாம், உங்கள் வாயால் பாடுங்கள். உங்களுக்கு எப்படி வந்ததோ அப்படி, ஏதாவது வேலை செய்துகொண்டே, அவர் விட்ட இடத்தில் விட்டு, மாற்றிய சொல்லை மாற்றி.

என் மகள் அந்தப் பாட்டை அப்பாவின் சொல்லோடுதான் பாடுகிறாள். அசலை அவள் இன்னும் கேட்டதில்லை. எப்படியும் ஒருநாள் கேட்பாள். அதற்கு முன்பே அவள் பாடுவதைப் பதிவு செய்து, தேதி எழுதி, அப்பாவின் கோப்புகளோடு சேர்த்துவிட்டேன்.